கோல் முதல் செயற்கைக்கோள் வரை

வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை நடந்து செல்வதற்கு நாம் எந்தத் திட்டமும் தீட்டுவதில்லை. கால்கள் நடக்கின்றன, மனம் வேறு எதையோ எண்ணிக்கொண்டிருக்கிறது. ஆனால், அந்தச் சிறு தொலைவிற்குள் நம் கண்கள் செய்து முடிக்கும் வேலைகள் எத்தனை! எதிரே நிற்கும் மின்கம்பத்தைக் கண்டு நம்மை ஒதுங்கச் செய்கின்றன. காலடியில் இருக்கும் பள்ளத்தைக் காட்டுகின்றன. தெருவின் ஓரத்தைப் பார்த்து நேராக நடக்க வைக்கின்றன. கடைப் பெயர்ப் பலகையையும் கோயில் கோபுரத்தையும் கண்டு, நாம் எங்கே வந்திருக்கிறோம் என்று தெரிவிக்கின்றன. சாலையில் வண்டி வராத நேரம் பார்த்துக் கடக்கவும் உதவுகின்றன.

பார்வையற்ற ஒருவர் தனியே நடக்க வேண்டுமானால் இந்த ஐந்து கேள்விகளுக்கும் வேறு வழியில் விடை தேட வேண்டும். என் முன்னே என்ன இருக்கிறது? காலடியில் தரை இருக்கிறதா? நான் நேராகச் செல்கிறேனா? எங்கே இருக்கிறேன்? இப்போது கடக்கலாமா?

இக்கேள்விகளுக்கு விடை தர அறிவியல் ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக முயன்று வருகிறது. கண்ணுக்கு மாற்றாகப் பல கருவிகள் வந்தன. அவற்றுள் சில மிகவும் நுட்பமானவை. ஆயினும் மறைந்து போயின. வேறு சில மிகவும் எளியவை; ஆயினும் உலகெங்கும் பரவின. ஏன் அப்படி நேர்ந்தது என்பதை அறிவதற்கு இந்த வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து பார்ப்பதே நல்லது.

சுவரைக் கேட்கும் காது

கருவிகள் எவையும் தோன்றுவதற்கு முன்பே பார்வையற்றோர் தனியே நடந்துதான் வந்தனர். ஜேம்ஸ் ஹோல்மன் என்பவர் பிரிட்டிஷ் கடற்படையில் பணியாற்றியவர்; 1786-ஆம் ஆண்டு பிறந்தவர். இருபத்தைந்து வயதளவில் இரு கண்களின் பார்வையையும் இழந்தார். அதன் பிறகே உலகைச் சுற்றப் புறப்பட்டார். ஆப்பிரிக்கா, பிரேசில், இலங்கை, இந்தியா, ஆஸ்திரேலியா என அவர் சென்ற நாடுகளின் பட்டியல் நீளமானது. அவரிடம் இருந்த கருவி, நுனியில் இரும்புப் பூண் கட்டிய ஒரு கைத்தடி. அதைத் தரையில் தட்டி, எழும் ஒலி எப்படித் திரும்பி வருகிறது என்பதைக் கேட்டுச் சுற்றுப்புறத்தை அறிந்துகொண்டார்.

எதிரே சுவர் இருப்பதைப் பார்வையற்றோர் தொடாமலே உணர்வதை அறிஞர்கள் நெடுங்காலமாகக் கவனித்து வந்தனர். பிரெஞ்சு அறிஞர் தீதெரோ 1749-ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி எழுதினார். முகத்தில் படும் காற்றின் வேறுபாட்டினால் அவர்கள் பொருள்களை உணர்கிறார்கள் என்பது அக்காலத்துக் கருத்து. பார்வையற்றோர் பலரும்கூட, நெற்றியிலும் கன்னத்திலும் ஏதோ ஒன்று மெல்ல அழுத்துவது போன்ற உணர்வு ஏற்படுவதாகவே கூறினர். அதனால் இத்திறனுக்கு 'முகப்பார்வை' என்ற பெயரும் ஏற்பட்டது.

உண்மை என்ன என்பதை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு தெளிவாக்கியது. சூப்பா, காட்சின், டாலன்பாக் என்னும் மூவர் அதன் முடிவுகளை 1944-ஆம் ஆண்டு வெளியிட்டனர். இவர்களுள் சூப்பா பார்வையற்றவர். பார்வையற்ற இருவரும், கண்ணைக் கட்டிக்கொண்ட பார்வையுள்ள இருவரும் ஒரு தடுப்புப் பலகையை நோக்கி நடந்தனர். பலகை அருகில் இருப்பதை உணர்ந்ததும் சொல்ல வேண்டும். முகத்தையும் கைகளையும் தடித்த துணியால் மூடியபோதும் அவர்களால் பலகையை உணர முடிந்தது. காதுகளை அடைத்தபோதோ அனைவரும் பலகையில் மோதிக்கொண்டனர்! மற்றொரு சோதனையில் ஆய்வாளர் ஒருவர் ஒலிவாங்கியை ஏந்திப் பலகையை நோக்கி நடந்தார். சோதனைக்கு உட்பட்டவர் வேறோர் அறையில் அமர்ந்து அந்தக் காலடி ஓசையை மட்டும் கேட்டார். அப்போதும் பலகை நெருங்குவதை அவரால் கூற முடிந்தது. ஆகவே, முகம் உணர்வதாகத் தோன்றியதெல்லாம் உண்மையில் காது கேட்டதே.

இதில் உள்ள இயற்பியலைச் சற்றுப் பார்ப்போம். ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. இரண்டு மீட்டருக்கு அப்பால் உள்ள சுவரில் பட்டு அது திரும்ப ஆகும் நேரம், ஒரு விநாடியை ஆயிரம் பங்காக்கினால் அதில் 12 பங்கே. இவ்வளவு விரைவில் வரும் எதிரொலியைக் காது தனி ஒலியாகப் பிரித்துக் கேட்பதில்லை. காலடி ஓசையின் தன்மை மட்டும் மாறுகிறது. அந்த மாற்றமே செய்தி. அதிலும் 10,000 ஹெர்ட்ஸ் அளவிலான உயர்ந்த ஒலிகள் இல்லாவிட்டால் தடுப்பை உணர முடிவதில்லை என்று 1950-ஆம் ஆண்டு வெளியான தொடர் ஆய்வு காட்டியது. இத்தகைய ஒலியின் அலைநீளம் மூன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவு. அலைநீளம் சிறிதாக இருந்தால்தான் சிறிய பொருளும் ஒலியைத் திருப்பி அனுப்பும்.

நாக்கைச் சொடுக்கி எதிரொலி கேட்டு நடக்கும் பார்வையற்றோர் இன்றும் உள்ளனர். கனடாவில் ஆய்வாளர்கள் அத்தகையோர் இருவரின் மூளையை ஆராய்ந்து 2011-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை வியப்பானது. எதிரொலியைக் கேட்கும்போது, பொதுவாகப் பார்வைக்குரிய மூளைப் பகுதி அவர்களிடம் இயங்கியது! இத்திறனைப் பத்து வாரப் பயிற்சியில் கற்க முடியும் என்று பிரிட்டனில் நடந்த மற்றோர் ஆய்வு 2021-ஆம் ஆண்டு தெரிவித்தது.

பார்வையற்றோருக்குக் காது எவ்வளவு இன்றியமையாதது என்பது இதனால் விளங்கும். இதை மறந்து செய்யப்பட்ட கருவிகளின் கதி என்ன ஆயிற்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

நாயும் வெண்கோலும்

முதல் உலகப் போரில் நச்சுப் புகையாலும் வெடிகுண்டாலும் கண்ணிழந்த வீரர்கள் பல்லாயிரவர். அவர்களுக்காக ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் 1916-ஆம் ஆண்டு வழிகாட்டி நாய்ப் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. சுவிட்சர்லாந்தில் நாய்களைப் பழக்கிவந்த டாரதி யூஸ்டிஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி இதைப் பற்றி 1927-இல் ஒரு கட்டுரை எழுதினார். அதைப் பற்றி அறிந்த மாரிஸ் ஃபிராங்க் என்னும் பார்வையற்ற இளைஞர் சுவிட்சர்லாந்துக்கே சென்று பயிற்சி பெற்றார். 'பட்டி' என்ற நாயுடன் 1928-இல் நாடு திரும்பினார். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் இதற்கென ஒரு பயிற்சி நிறுவனம் உருவாயிற்று. நாய் தடைகளைத் தவிர்த்து நடத்திச் செல்லும். ஆனால் எங்கே போக வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. அதை உடன் செல்பவரே முடிவு செய்து சொல்ல வேண்டும்.

கோலுக்கு வெள்ளை நிறம் வந்த கதை வேறு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜேம்ஸ் பிக்ஸ் என்ற புகைப்படக் கலைஞர் விபத்தொன்றில் பார்வை இழந்தார். தெருவில் பெருகிவந்த மோட்டார் வண்டிகளுக்கு அஞ்சி, வண்டி ஓட்டுபவர்களுக்குத் தெரியும்படி 1921-ஆம் ஆண்டு தம் கைத்தடிக்கு வெள்ளை வண்ணம் பூசினார். 1931-இல் பாரிஸ் நகரில் கில்லி தெர்பெமோன் என்னும் பெண்மணி பார்வையற்றோருக்கு வெண்கோல்களை வழங்கும் இயக்கத்தைத் தொடங்கினார். பிற நாடுகளிலும் வழக்கம் பரவியது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த வெண்கோல், வைத்திருப்பவருக்கு எதையும் புதிதாகச் சொல்லவில்லை. "இவருக்குக் கண் தெரியாது" என்று பிறருக்கு அறிவித்தது, அவ்வளவே. சாதாரண ஊன்றுகோலின் அளவே இருந்த அதை உடலுக்குக் குறுக்கே பிடித்துச் சென்றனர். கோல் தரையைத் தொட்டுச் செய்தி சொல்லும் கருவியாக மாற மற்றொரு போர் தேவைப்பட்டது.

நெடுங்கோல் பிறந்தது

இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்த அமெரிக்க வீரர்கள் பலர், பென்சில்வேனியா மாநிலத்தில் வேலி ஃபோர்ஜ் இராணுவ மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டனர். அங்கே ரிச்சர்ட் ஹூவர் என்ற சார்ஜென்ட் பணியாற்றினார். போருக்கு முன் பார்வையற்றோர் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர் அவர். இளம் வீரர்கள் பிறர் கையைப் பிடித்துக்கொண்டே காலம் கழிப்பதா என்ற கேள்வி அவரை வாட்டியது. தம் கண்களைக் கட்டிக்கொண்டு நடந்து பார்த்தார். வழக்கமான கைத்தடி குட்டையானது, கனமானது, தடையைக் காட்டும்போது கால் ஏற்கெனவே அதில் இடித்திருக்கும் என்பதைக் கண்டார்.

1944, 45-ஆம் ஆண்டுகளில் அவர் உருவாக்கிய முறை இதுதான். கோல் மெல்லியதாக, இலேசானதாக, தரையிலிருந்து மார்பெலும்பு வரை எட்டும் நீளமுடையதாக இருக்க வேண்டும். அதை உடலின் நடுவில் பிடித்து, மணிக்கட்டை அசைத்து, தோள் அகலத்திற்கு இடமும் வலமுமாகத் தரையை மெல்லத் தட்டிக்கொண்டே செல்ல வேண்டும். வலக்கால் முன்வரும்போது கோல் இடப்பக்கம் தட்டும். இடக்கால் முன்வரும்போது வலப்பக்கம் தட்டும். ஆகவே, அடுத்த அடி எங்கே விழப்போகிறதோ அந்த இடத்தைக் கோல் ஓர் அடி முன்னதாகவே சோதித்துவிடுகிறது.

எவ்வளவு எளிய ஏற்பாடு! கோலின் நுனி சுமார் ஒரு மீட்டர் முன்னே செல்கிறது. விநாடிக்கு ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாக நடப்பவருக்கு, நிற்பதற்கு ஒரு விநாடிக்குக் குறைவான நேரமே கிடைக்கும். பயிற்சி பெற்றவருக்கு அது போதுமானது. புல்லா, சரளையா, சிமெண்டா என்பதைக் கையில் வரும் அதிர்வு சொல்கிறது. படி இறங்குகிறதா, சாக்கடை திறந்திருக்கிறதா என்பதை நுனி கீழே இறங்குவதே சொல்லிவிடுகிறது. தட்டும் ஓசை சுவரில் பட்டு எதிரொலிப்பதால் காதுக்கும் செய்தி கிடைக்கிறது. மின்கலம் வேண்டியதில்லை, பழுதுபார்க்கும் வேலையும் இல்லை.

1948-ஆம் ஆண்டு சிகாகோ நகரை அடுத்த ஹைன்ஸ் மருத்துவமனையில் பார்வை இழந்த படைவீரர்களுக்கான மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. போரில் கண்ணிழந்த ரசல் வில்லியம்ஸ் என்பவரே அதன் தலைவரானார். கோல் பிடித்து நடப்பதைக் கையாலாகாதவரின் அடையாளமாகக் கருதிய காலம் அது. வீரர்கள் பலர் கோலைத் தொடவே தயங்கினர். அவர்கள் அந்தக் கோலுடன் தனியே நகருக்குள் சென்று திரும்பியபோது தயக்கம் மறைந்தது. 1960-இல் பாஸ்டன் கல்லூரி, இந்த நடைப் பயிற்சியைக் கற்பிக்கும் ஆசிரியர்களை உருவாக்கப் பட்டமேற்படிப்பே தொடங்கியது. வெறும் கோலாக இருந்தது ஒரு கலையாகவும் கல்வித் துறையாகவும் வளர்ந்தது. ஹூவர் பின்னர்க் கண் மருத்துவரானார்.

நமது ஐந்து கேள்விகளில், காலடியில் தரை இருக்கிறதா என்பதற்கு நெடுங்கோல் முழு விடை தந்தது. முன்னே என்ன இருக்கிறது என்பதற்கோ பாதி விடைதான். தலை உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் மரக்கிளையையும் சன்னல் கதவையும் அதனால் காட்ட முடியாது. அந்தக் குறையை நிறைவு செய்யப் பொறியியல் வல்லுநர்கள் முன்வந்தனர்.

வௌவாலிடம் கற்ற பாடம்

இரண்டாம் உலகப் போரில் ரேடாரும் சோனாரும் பெற்ற வெற்றியைக் கண்டவர்களுக்கு, பார்வையற்றோர் கையிலும் ஒரு சிறு ரேடாரைக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது இயல்பே. அமெரிக்காவில் 1944-ஆம் ஆண்டு இதற்கென ஓர் அறிஞர் குழு அமைக்கப்பட்டது. ஒளிக்கற்றையை முன்னே செலுத்தி, அது தடையில் பட்டுத் திரும்பும் கோணத்தைக் கொண்டு தொலைவை அறியும் கருவிகளைச் செய்து பார்த்தனர். டிரான்சிஸ்டர் வந்த பிறகு கருவிகள் கையடக்கமாயின.

இத்துறையில் பெயர் பெற்றவர் லெஸ்லி கே. வௌவால் இருட்டில் பறப்பது மனிதக் காதுக்கு எட்டாத மீயொலியின் துணையால் என்பது 1940-களின் தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது. அதைப் பின்பற்றி, கே 1960-களில் இங்கிலாந்தில் 'ஒலி விளக்கு' ஒன்றைச் செய்தார். பின்னர் நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, 1970-களில் மூக்குக் கண்ணாடி வடிவிலேயே ஒரு கருவியை உருவாக்கினார்.

அது இயங்கும் முறை அழகானது. கருவி வெளியிடும் மீயொலியின் அதிர்வெண் ஒரே நிலையில் நிற்காமல் உயர்நிலையிலிருந்து கீழே சறுக்கிக்கொண்டே வருகிறது. எதிரொலி திரும்புவதற்குள் கருவி வெளியிடும் ஒலியின் அதிர்வெண் சிறிது மாறியிருக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கருவி கேட்கத்தக்க ஒலியாக மாற்றிக் காதுக்கு அனுப்புகிறது. தடை தொலைவில் இருந்தால் வேறுபாடு அதிகம். கேட்கும் சுருதியும் உயரம். அருகில் வர வர சுருதி இறங்கும். இடப்பக்கத் தடை இடக்காதில் உரக்கக் கேட்கும். வழவழப்பான கண்ணாடிக்கும் இலை அடர்ந்த செடிக்கும் வெவ்வேறு ஒலித்தன்மை உண்டு. பயிற்சி பெற்றவர் இவற்றைப் பிரித்தறிந்தனர்.

அதே காலத்தில் அமெரிக்காவில் 'லேசர் கோல்' உருவாயிற்று. நெடுங்கோலின் மேற்பகுதியில் மூன்று சிறிய காலியம் ஆர்சினைடு லேசர்கள் பொருத்தப்பட்டன. ஒன்று தலை உயரத்தை நோக்கும். மற்றொன்று நேர் முன்னே நோக்கும். மூன்றாவது கீழே நோக்கிப் பள்ளத்தைக் கண்டறியும். பள்ளத்திற்குத் தாழ்ந்த ஒலி, தலை உயரத் தடைக்கு உயர்ந்த ஒலி, முன் தடைக்கு விரலில் அதிர்வு என்று எச்சரிக்கைகள் அமைந்தன.

இவை எல்லாம் வேலை செய்தன. ஆய்வுக்கூடத்தில் பாராட்டும் பெற்றன. ஆயினும் தெருவில் பரவவில்லை. ஏன்? முதற்காரணம் விலை. இரண்டாவது, நீண்ட பயிற்சி. மூன்றாவது காரணமே முக்கியமானது. கூட்டமான தெருவில் நாலாபுறமும் தடைகள். கருவி ஓயாமல் ஒலிக்கும். வண்டி வரும் ஓசையையும் மனிதர் பேச்சையும் எதிரொலியையும் கேட்டு வழி அறிந்துகொண்டிருந்த காதைக் கருவி தன் வேலைக்கு எடுத்துக்கொண்டது. மேலும், ஒலிக் கண்ணாடி அணிந்தவருக்கும் பள்ளத்தை அறியக் கோல் தேவைப்பட்டது. கோல் இல்லாமல் முடியாது. கருவி இல்லாமல் முடியும் என்ற நிலையில், பெரும்பாலோர் கோலையே தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை.

பாதையே பேசினால்?

மனிதனிடம் கருவியைச் சுமத்துவதற்குப் பதிலாகப் பாதையை மாற்றியமைத்தால் என்ன? இந்தக் கேள்வியை எழுப்பியவர் அறிவியலாளர் அல்லர். ஜப்பானின் ஒகயாமா நகரில் வாழ்ந்த மியாகே செய்ச்சி என்பவர். பார்வை மங்கிக்கொண்டிருந்த நண்பர் ஒருவரின் துன்பம் அவரைச் சிந்திக்க வைத்தது. 1965-இல், காலால் உணரத்தக்க புடைப்புகள் கொண்ட தரைக் கல்லை அவர் வடிவமைத்தார். 1967-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள், ஒகயாமாவின் பார்வையற்றோர் பள்ளி அருகே உள்ள சாலைக் கடப்பில் அக்கற்கள் முதன்முதலில் பதிக்கப்பட்டன.

இன்று இக்கற்கள் இரு வகையாக உள்ளன. நீண்ட கோடுகள் போன்ற புடைப்பு இருந்தால் "அந்தத் திசையில் நட" என்று பொருள். வட்டப் புள்ளிகள் இருந்தால் "நில், கவனி" என்று பொருள். படிக்கட்டு, சாலை விளிம்பு, ரயில் மேடையின் ஓரம் ஆகியவற்றுக்கு முன் இவை இருக்கும். புடைப்பின் உயரம் சுமார் 5 மில்லிமீட்டர்தான். செருப்பின் வழியேயும் இதை உணரலாம். கோல் நுனியாலும் அறியலாம். மஞ்சள் நிறம், ஓரளவு பார்வை உள்ளவர்களுக்கும் உதவுகிறது. ஜப்பானிய ரயில் நிலையங்களில் தொடங்கி உலகின் பல நாடுகளுக்கும் இது பரவியது. 2012-இல் இதற்குப் பன்னாட்டுத் தர நிர்ணயமும் வந்தது. நேராகச் செல்கிறேனா என்ற மூன்றாம் கேள்விக்கு ஒரு கல் விடை தந்தது!

கடக்கலாமா என்ற கேள்விக்கும் சாலையே விடை தரத் தொடங்கியது. பல நாடுகளில் பச்சை விளக்கு எரியும்போது ஒலிக்கும் கருவிகள் கம்பங்களில் பொருத்தப்பட்டன. பிரிட்டனிலோ பேசாத கருவி ஒன்று உண்டு. கடப்பில் உள்ள பொத்தான் பெட்டியின் அடியில் வரிகள் கொண்ட ஒரு சிறு கூம்பு இருக்கிறது. பச்சை விளக்கு எரியும்போது அது சுழலும். அதைத் தொட்டுக்கொண்டு நிற்பவர், காதைப் போக்குவரத்துக்கே விட்டுவிட்டு, விரலால் விளக்கின் நிறத்தை அறிகிறார். காது கேளாதவருக்கும் இது பயன்படும். 1979-இல் சான்பிரான்சிஸ்கோவின் ஸ்மித் கெட்டில்வெல் ஆய்வு நிறுவனத்தில் 'பேசும் பலகை' உருவாயிற்று. பலகையிலிருந்து அகச்சிவப்பு ஒளி வெளிப்படும். கையில் உள்ள சிறு கருவியை அத்திசை நோக்கித் திருப்பினால் அதில் எழுதியிருப்பது குரலாகக் கேட்கும்.

வானிலிருந்து ஒரு விடை

நான்காம் கேள்வி, நான் எங்கே இருக்கிறேன் என்பது. பழகிய பாதையில் இது தொல்லை தருவதில்லை. புதிய ஊரில் இதுவே பெருந்தொல்லை. கோல் ஒரு மீட்டர் வரை சொல்லும். அடுத்த தெருவின் பெயரைச் சொல்லுமா?

அமெரிக்கா இராணுவத் தேவைக்காக அமைத்துவந்த செயற்கைக்கோள் வழிகாட்டி முறையைப் பார்வையற்றோருக்குப் பயன்படுத்தலாம் என்ற கருத்து 1985-லேயே எழுந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் ஜாக் லூமிஸ் என்ற உளவியலார், ரெஜினால்ட் கோலெட்ஜ் என்ற புவியியல் அறிஞர், ராபர்ட்டா கிளாட்ஸ்கி ஆகியோர் இதில் இறங்கினர். கோலெட்ஜ் 1984-இல்தான் பார்வை இழந்திருந்தார். நிலப்படங்களையும் மனிதர் வழி அறியும் முறையையும் ஆராய்ந்த அறிஞருக்கு அந்த ஆராய்ச்சியே சொந்தத் தேவையாகிவிட்டது. 1990-களில் அவர்கள் இயக்கிக்காட்டிய கருவி முதுகில் சுமக்க வேண்டிய மூட்டையாக இருந்தது: கணிப்பொறி, மின்கலம், உணர்கொம்பு எல்லாம் அதில். ஒரு கட்டடத்தின் பெயரைச் சொல்லும்போது, குரல் அந்தக் கட்டடம் இருக்கும் திசையிலிருந்தே வருவது போல் காதில் கேட்கச் செய்தது அதன் சிறப்பு.

செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. குறைந்தது நான்கு கோள்களிலிருந்து வரும் வானொலிக் குறிப்புகள் எவ்வளவு நேரத்தில் வந்தன என்பதைக் கொண்டு கருவி தன் இடத்தைக் கணக்கிடுகிறது. நேரத்தில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு விநாடி பிழைத்தால் தொலைவில் 300 மீட்டர் பிழைத்துவிடும்! மேலும், பொதுமக்களுக்குக் கிடைத்த குறிப்பில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை கலந்திருந்தது. அதனால் 100 மீட்டர் வரை தவறு நேரலாம். 2000-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் அந்தக் கலப்பு நிறுத்தப்பட்டது. தவறு 10 அல்லது 20 மீட்டருக்குள் குறைந்தது. தெருப்பெயரைக் குரலாகவோ பிரெய்ல் புள்ளியாகவோ சொல்லும் கையடக்கக் கருவிகள் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே விற்பனைக்கு வந்தன.

2009-ஆம் ஆண்டு முதல், திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் வசதி தொடுதிரைக் கைப்பேசிகளில் இடம்பெறத் தொடங்கியது. தனிக் கருவிக்குப் பெருந்தொகை செலவிட வேண்டிய நிலை மாறி, எல்லாரும் வைத்திருக்கும் கைப்பேசியே வழிகாட்டியாயிற்று. செயற்கைக்கோள் குறிப்பு எட்டாத கட்டடங்களுக்குள்ளும் வழிகாட்ட, சிறு வானொலி விளக்கங்களைச் சுவரில் பொருத்தும் முறையை ஜப்பானியக் கணிப்பொறி அறிஞர் சியெகோ அசகாவா குழுவினர் உருவாக்கினர். பதினான்கு வயதில் பார்வை இழந்தவர் அவர். இப்போது, தானே வழி அறிந்து உருண்டு செல்லும் பயணப்பெட்டி வடிவ ரோபோவையும் அவர்கள் சோதித்து வருகின்றனர்.

எனினும் இரண்டு குறைகளை மறக்கலாகாது. பத்து மீட்டர் பிழை கார் ஓட்டுபவருக்குப் பெரிதன்று. நடப்பவருக்கோ அது சாலையின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற வேறுபாடு. வாசற்படியைத் தேடும் கடைசிச் சில மீட்டர்கள் இன்னும் கோலுக்கே உரியவை. மற்றொன்று, மென்பொருள் பிறர் கையில் இருப்பது. திசையறிந்து ஒலிக்கும் 'சவுண்ட்ஸ்கேப்' என்ற செயலியை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2018-இல் வெளியிட்டது. 2023-இல் விலக்கிக்கொண்டு, அதன் நிரலைப் பொதுவில் விட்டது. நம்பியிருந்தவர்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. கோலுக்கு அந்த ஆபத்து இல்லை.

நம் நாட்டில்

டெல்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தினர் உருவாக்கிய 'ஸ்மார்ட் கேன்' 2014-ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. அதைத் தயாரிப்பதில் சென்னை நிறுவனம் ஒன்றும் பங்கு கொண்டது. இது நெடுங்கோலுக்கு மாற்று அன்று. அதன் பிடியில் பொருத்தும் துணை. முழங்காலுக்கு மேல் உள்ள தடைகளை மூன்று மீட்டர் வரை மீயொலியால் அறிந்து, கைக்கு அதிர்வாகத் தெரிவிக்கிறது. காது சுதந்திரமாக இருக்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு முந்திய கருவிகளின் வரலாறு கற்பித்த பாடம் இதில் பயன்பட்டிருப்பதைக் காணலாம். ஒகயாமாவில் பிறந்த புடைப்புக் கற்களும் டெல்லி, சென்னை மெட்ரோ ரயில் நிலையங்களில் பதிக்கப்பட்டுள்ளன.

இதற்கிடையே புதியதொரு தொல்லையும் வந்திருக்கிறது. மின்சார வண்டிகள் மெதுவாகச் செல்லும்போது ஓசையே எழுவதில்லை. புகை குறைந்தது நன்மைதான். ஆனால் வண்டி வருவதைக் காதால் அறிபவருக்கு அது கண்ணுக்குத் தெரியாத பள்ளம் போன்றது. பார்வையற்றோர் அமைப்புகள் வற்புறுத்தியதன் பயனாகப் பல நாடுகளில் விதிகள் வந்தன. ஐரோப்பாவில் 2019 முதல், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் வரையிலும் பின்னோக்கிச் செல்லும்போதும் புதிய வகை மின்சாரக் கார்கள் செயற்கை ஓசை எழுப்ப வேண்டும்.

வரலாறு கூறும் பாடம்

இந்த நூறாண்டு முயற்சிகளை ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகிறது. கண்ணின் வேலை முழுவதையும் தானே செய்வதாக வந்த கருவிகள் நிலைக்கவில்லை. ஐந்து கேள்விகளில் ஏதேனும் ஒன்றுக்குச் சரியான விடை தந்து, காதையும் கருத்தையும் நடப்பவருக்கே விட்டுவைத்தவை நிலைத்தன. கோல் தரையைச் சொல்கிறது. கல் திசையைச் சொல்கிறது. கூம்பு கடக்கும் நேரத்தைச் சொல்கிறது. செயற்கைக்கோள் இடத்தைச் சொல்கிறது. இவற்றைச் சேர்த்து முடிவெடுப்பவர் நடப்பவர்தான். சூப்பா, வில்லியம்ஸ், கோலெட்ஜ், அசகாவா என்று பார்வையற்றோரே இவ்வரலாற்றின் திருப்பங்களில் நிற்பதும் தற்செயல் அன்று.

பிறர் கையை எதிர்பாராமல் தானே வெளியே சென்று வருவதில்தான் கல்வியும் வேலையும் நட்பும் அடங்கியிருக்கின்றன. அதற்குப் பெரிய கண்டுபிடிப்புகள் எப்போதும் தேவைப்படுவதில்லை. புடைப்புக் கல்லின்மேல் நிறுத்திய ஓர் இருசக்கர வண்டி, அரை நூற்றாண்டு உழைப்பை ஒரு நொடியில் வீணாக்கிவிடும். மூடாத சாக்கடையும் தாழக் கட்டிய கடைப் பந்தலும் அவ்வாறே. நடைபாதையைத் தடையின்றி வைத்திருப்பதும் இத்தொழில்நுட்பத்தின் ஒரு பகுதியே. அந்தப் பகுதியைச் செய்ய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை, நாமே செய்யலாம்.